பூனைக்கு ஒரு பின்னற்பந்து

பிறர்க்கு ஒரு பொருளைச் செய்து கொடுக்க விரும்புவோர் முதற்கண் அறிய வேண்டுவன இரண்டு. செய்யும் முறை யாது என்பது ஒன்று. பெறுவோரின் இயல்பு யாது என்பது மற்றொன்று. முன்னதை மட்டும் அறிந்து பின்னதை அறியாதவர் அழகிய பொருளைச் செய்தல் கூடும். ஆயினும், அது பெறுவோர்க்குப் பயன்படாமற் போகலாம். சில வேளைகளில் தீங்காகவும் முடியலாம். இவ்வுண்மை பெருந்தொழில்களுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் வளரும் பூனைக்கு நூலால் ஒரு விளையாட்டுப் பொருள் பின்னிக் கொடுக்கும் சிறு செயலிலும் இது நன்கு விளங்கும்.

நூலைக் கொண்டு பொருள்கள் செய்யும் முறைகள் பல. தறியில் நெய்யும்போது பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னும்போது பல கண்ணிகள் ஒருங்கே ஊசியில் தங்கியிருக்கின்றன. குரோஷாப் பின்னலோ, முனையில் கொக்கியுடைய ஒரே ஊசியால் செய்யப்படுவது. குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். அச்சொல்லே தமிழ்நாட்டு இல்லங்களில் குரோஷா என வழங்குகிறது. இம்முறையில் ஒரு கண்ணியை முடித்த பின்னரே அடுத்த கண்ணியைத் தொடங்குதல் வேண்டும். ஆதலின், பிழை நேர்ந்தால் அவ்விடம்வரை அவிழ்த்துவிட்டு மீண்டும் பின்னலாம். நூல் சிறிதும் வீணாவதில்லை.

இவ்வெளிய கொக்கி, பசித்தோர்க்குச் சோறிட்ட வரலாறும் உண்டு. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரைக் கொடிய நோய் ஒன்று பற்றியது. கிழங்கையே உணவாகக் கொண்டு வாழ்ந்த ஏழை மக்கள் பெரும் பஞ்சத்திற்கு ஆளாயினர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நாளில் அந்நாட்டுக் கன்னிமாடங்களிலும் பள்ளிகளிலும் பெண்களுக்குக் குரோஷாப் பின்னல் கற்பிக்கப்பட்டது. அவர்கள் பின்னிய மெல்லிய பூவேலைகளைச் செல்வர் விரும்பி வாங்கினர். அவ்வூதியம் பல குடும்பங்களைக் காத்தது.

இந்தியாவிலும் இத்தொழிலுக்கு ஒரு நிலைக்களம் உண்டு. ஆந்திர மாநிலத்தில் கோதாவரி ஆற்றின் கழிமுகப் பகுதியில் உள்ள நரசாபுரம் அவ்விடமாகும். கிறித்தவ ஊழியர்கள் 19ஆம் நூற்றாண்டில் அங்கு இப்பின்னலை அறிமுகப்படுத்தினர். அவ்வூரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்த பெண்கள் பின்னிய பொருள்கள் கடல் கடந்து சென்றன. அப்பெண்களின் உழைப்பை ஆராய்ந்து மரியா மீஸ் என்னும் செருமானிய அறிஞர் 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும் அவர்கள் உழைப்பாளிகளாகக் கருதப்படவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்களாகவே கருதப்பட்டனர் என்பதை அந்நூல் எடுத்துக் காட்டியது. கையால் பின்னிய பொருளைக் காண்போர் அதற்குப் பின்னே உள்ள விரல்களையும் நினைத்தல் வேண்டும்.

இனி, பள்ளியிற் பயிலும் சிறுமி ஒருத்தி இப்பின்னலைப் புதிதாகக் கற்றாள் எனக் கொள்க. அவள் வீட்டில் ஒரு பூனைக்குட்டி வளர்கிறது. குரோஷா ஊசியையும் சிவப்பு நூலையும் எடுத்துக்கொண்டு அவள் மூன்று நாள் முயன்று ஓர் எலி பின்னினாள். கண்களுக்கு இரண்டு கருமணிகளைத் தைத்தாள். ஒரு முழ நீளத்திற்கு நூலை முறுக்கி வாலாகத் தொங்கவிட்டாள். காண்போர் எவரும் வியக்கத்தக்க எலி அது. அதனை அவள் தன் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

பாட்டி எலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர், “வேலை நன்றாக இருக்கிறது, அம்மா. ஆனால் இதை யாருக்காகப் பின்னினாய்?” என்று கேட்டார்.

“நம் பூனைக்குட்டிக்குத்தான் பாட்டி.”

“மணிக்கண் வேண்டும் என்று பூனை கேட்டதா? நீண்ட வால் வேண்டும் என்று கேட்டதா? இவை உன் கண்ணுக்கு அழகு. பூனைக்கோ இவை ஆபத்து. குட்டியின் நாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வா.”

பூனையின் நாவைத் தொட்டவர், அது அரம்போலச் சொரசொரப்பாக இருத்தலை அறிவர். அதன் மேற்பரப்பில் நுண்ணிய முட்கள் பல உள. அவை தொண்டைப் பக்கமாகச் சாய்ந்தவை. எலும்பில் ஒட்டிய இறைச்சியை வழித்தெடுக்கவும், உடல் மயிரைக் கோதித் தூய்மை செய்யவும் அவை உதவுகின்றன. ஆனால், நூல் ஒன்று அம்முட்களிற் சிக்கினால், அதனை வெளியே தள்ளுதல் பூனைக்கு அரிது, விழுங்குதலே எளிது. விழுங்கிய நூலின் ஒரு பகுதி நாவின் அடியிலோ இரைப்பையின் கீழ் வாயிலிலோ சிக்கிக்கொள்வதுண்டு. எஞ்சிய பகுதி குடலுக்குள் இறங்கும். குடல் தன் இயல்பின்படி அதனைக் கீழ்நோக்கித் தள்ள முயலும். முனை சிக்கியிருப்பதால் நூல் நகராது. குடலே நூலின்மேல் சுருங்கிச் சுருங்கி ஏறும். பாவாடை நாடாவை இழுக்குந்தோறும் துணி சுருக்கம் கொள்வதைப் போன்றது அது. இறுகிய நூல் குடலின் சுவரை அறுத்துவிடுதலும் உண்டு. அந்நிலையில் அறுவை மருத்துவம் செய்யாவிடில் பூனை பிழைப்பதரிது. பூனையின் வாயிலேனும் பின்புறத்திலேனும் நூல் தொங்கக் கண்டால், அதனைப் பிடித்து இழுத்தல் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இவற்றைக் கேட்ட சிறுமியின் முகம் வாடியது. மூன்று நாள் உழைப்பு வீணாயிற்றே என்று அவள் வருந்தினாள். “வீணாகவில்லை, அம்மா. கொக்கிப் பின்னலில் அவிழ்த்த நூல் அவிழ்த்தபடியே கைக்கு வரும். பூனையின் இயல்பை அறிந்துகொண்டு மீண்டும் பின்னு” என்றார் பாட்டி. மணிகள் அறுக்கப்பட்டன, வால் நீக்கப்பட்டது, எலி அவிழ்ந்து மீண்டும் நூலாயிற்று.

பூனையின் இயல்புதான் யாது? அது மக்களோடு நெடுங்காலம் பழகியும் வேட்டையை மறவாத விலங்கு. வீட்டுப் பூனையின் முன்னோர், வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையே என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதன் ஒருவனும் அவனுக்கு அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்த செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தமிழரும் இவ்விலங்கைத் தொன்றுதொட்டு அறிவர். காட்டுப்பூனையை வெருகு என்பது பழந்தமிழ் வழக்கு. அதன் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியது எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது.

பதுங்குதல், பார்த்திருத்தல், பாய்தல், பற்றுதல், கடித்தல், பின்னங்கால்களால் உதைத்தல் ஆகியவை பூனையின் வேட்டை முறைகள். குட்டி விளையாடும்போதும் இவற்றையே செய்கிறது. ஆகவே, பூனைக்கு ஏற்ற விளையாட்டுப் பொருள் எலியின் வடிவினதாக இருக்க வேண்டும் என்பதில்லை. எலியைப் போல ஓடினாற் போதும். பூனையின் கண், உருவத்தைவிட அசைவை விரைந்து காணும். மங்கிய ஒளியில் அது மனிதனைவிடத் தெளிவாகப் பார்க்கும். ஆனால், மிக அருகில், ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்குட்பட்ட தொலைவில் உள்ள பொருள் அதற்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அவ்விடத்தில் அதன் மீசை மயிர்களே கண்ணின் பணியைச் செய்கின்றன. சிவப்பு நிறத்தையும் பச்சை நிறத்தையும் அது நன்கு வேறு பிரித்தறியாது. நீலமும் மஞ்சளும் அதற்கு எளிதில் புலப்படும். சிறுமி ஆசையோடு தேர்ந்த சிவப்பு நிறம் அவள் கண்ணுக்கு மட்டுமே விருந்தாக இருந்தது.

பூனையைக் கவரும் மணமும் உண்டு. தமிழ்நாட்டில் வீதியோரங்களில் வளரும் குப்பைமேனிச் செடிக்குப் பூனைவணங்கி என்பது மற்றொரு பெயர். அதன் வேரைக் கண்டால் பூனை முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, மயங்கிப் புரளும். இப்பெயரை இட்ட முன்னோர் பூனையைக் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது மருந்துச் செடியாதலின், அதனைப் பந்தினுள் இடுதல் வேண்டா. நன்றாக உருளும் பந்து ஒன்றே பூனைக்குப் போதும்.

பந்து பின்னுதற்குப் பருத்தி நூல் சிறந்தது. அது மயிர் மயிராக உதிர்வதில்லை. துவைத்து வெயிலில் உலர்த்தலாம். கம்பளி நூலும் மினுக்கு நூலும் இதற்கு ஏற்றனவல்ல. 3 மில்லிமீட்டர் பருமனுள்ள குரோஷா ஊசி ஒன்றும், முனை மழுங்கிய தையலூசி ஒன்றும், கத்தரிக்கோல் ஒன்றும், சிறிது பழந்துணியும் வேண்டும்.

முதலில் நூலில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு, அதனைக் கொக்கியில் மாட்டுக. கொக்கியால் நூலைப் பற்றி அம்முடிச்சின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி உண்டாகும். அவ்வாறு இரண்டு சங்கிலிக் கண்ணிகள் பின்னுக. அவற்றுள் முதலிற் பின்னிய கண்ணியில் ஆறு ஒற்றைக் கண்ணிகள் பின்னுக. ஒற்றைக் கண்ணி பின்னும் முறை வருமாறு: கொக்கியைக் கண்ணியினுள் நுழைத்து நூலை இழுத்தால் கொக்கியின்மேல் இரண்டு வளையங்கள் நிற்கும், மீண்டும் நூலைப் பற்றி அவ்விரண்டின் வழியேயும் ஒருங்கே இழுத்தால் ஒரு வளையமே எஞ்சும். இதுவே ஒற்றைக் கண்ணி. இவ்வாறு பின்னிய ஆறு கண்ணிகளும் முதற்சுற்று ஆகும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வேறு நிற நூலை அடையாளமாக வைத்தால் எண்ணிக்கை தவறாது.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் பின்னினால் 12 கண்ணிகள் ஆகும். மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணியில் ஒன்றும் அடுத்த கண்ணியில் இரண்டுமாகப் பின்னினால் 18 ஆகும். நான்காம் சுற்றில் இரண்டு கண்ணிகளுக்கு அடுத்த கண்ணியிலும், ஐந்தாம் சுற்றில் மூன்று கண்ணிகளுக்கு அடுத்த கண்ணியிலும் இரண்டிரண்டு பின்னுக. அவை முறையே 24, 30 என வளரும்.

சுற்றுக்கு ஆறு கண்ணிகள் கூடுதல் ஏன் என்னும் வினா எழலாம். அதற்குக் கணிதம் விடை கூறும். வட்டத்தின் ஆரம் ஓரலகு கூடினால் அதன் சுற்றளவு ஆறு அலகிற்குச் சற்று மேல் கூடும். ஒற்றைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஆகவே, ஆறு கண்ணிகள் கூட்டினால் பின்னல் வட்டத் தட்டுப்போலப் பரவும். மிகுதியாகக் கூட்டினால் ஓரம் கொசுவம்போல அலையும். குறைவாகக் கூட்டினால் கிண்ணம்போலக் குழியும். கூட்டாமலே பின்னினால் சுவர்போல நிமிரும். தட்டையாக விரிந்ததை நிமிர்த்திப் பின் குறுக்கினால் பந்தாகும்.

எனவே, ஆறாம் சுற்று முதல் பத்தாம் சுற்று வரை கூட்டாமலும் குறைக்காமலும் சுற்றுக்கு 30 கண்ணிகளாகவே பின்னுக. அதன்பின் குறைத்தல் வேண்டும். பதினோராம் சுற்றில் மூன்று கண்ணிகளுக்குப் பின் வரும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் 24 எஞ்சும். அடுத்த சுற்றில் இரண்டு கண்ணிகளுக்குப் பின்னும், அதற்கடுத்த சுற்றில் ஒரு கண்ணிக்குப் பின்னும் இரண்டிரண்டைச் சேர்த்தால் 18, 12 எனக் குறையும்.

வாய் முற்றும் மூடுவதற்கு முன்னரே பந்தை நிரப்புதல் வேண்டும். பஞ்சை அப்படியே திணித்தல் நன்றன்று. நூல் கிழிந்தால் பூனை அதனை விழுங்கக்கூடும். பழந்துணித் துண்டுகளைச் சிறு துணிப்பையில் இட்டு, நெருக்கமாகத் தைத்து, அப்பையை உள்ளே வைத்தல் நலம். மணி, சலங்கை, பொத்தான், இரப்பர், மீள்நாடா ஆகியவற்றை உள்ளேயோ வெளியேயோ வைத்தலாகாது. நிரப்பிய பின், பதினான்காம் சுற்றில் எல்லாக் கண்ணிகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு கண்ணிகள் எஞ்சும். நூலை 20 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, இறுதி வளையத்தினுள் இழுத்து இறுக்குக. அந்நூலைத் தையலூசியிற் கோத்து, ஆறு கண்ணிகளின் வழியேயும் செலுத்திச் சுருக்குக. பின்னர், ஊசியைப் பந்தின் ஊடே முன்னும் பின்னும் வேறு வேறு திசைகளில் மும்முறை செலுத்தி, எஞ்சிய நூலைப் பந்தோடு ஒட்ட வெட்டுக. அடையாள நூலை எடுத்தாயிற்றா, ஊசி பெட்டிக்குத் திரும்பியதா என்பவற்றைப் பார்த்த பின்னரே எழுதல் வேண்டும்.

இப்பந்தில் உள்ள கண்ணிகளைக் கூட்டினால் சரியாக 300 ஆகும். விட்டம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். பூனையின் வாய்க்குள் அடங்காமலும், அதன் முன்னங்கால்களால் தழுவுதற்கு ஏற்றதாகவும் உள்ள அளவு அது.

பின்னி முடித்ததோடு பணி முடிந்ததாகாது. பந்தை இரு கைகளாலும் வலிந்து இழுத்துப் பார்த்தல் வேண்டும். கண்ணிகளுக்கிடையே சுண்டுவிரல் நுழையுமாயின் பின்னல் தளர்ச்சியானது. சிறிய ஊசியால் மீண்டும் பின்னுதலே முறை. பூனை விளையாடி முடித்தவுடன் பந்தை எடுத்து ஆராய்ந்து, பூனைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஓர் இழையேனும் அறுந்து தொங்கினால் அப்பந்தை விலக்கிவிடுக. எத்துணை அரும்பாடுபட்டுப் பின்னியதாயினும் அதன்மேல் இரக்கம் கொள்ளலாகாது. இரக்கம் பூனைக்கு உரியது.

விளையாடும் முறையையும் அறிதல் வேண்டும். பூனையின் முகத்தை நோக்கிப் பந்தை எறிந்தால் அது அஞ்சி ஓடும். எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வருவதில்லை அன்றோ? சுவரோரமாகப் பூனையை விட்டு விலகிச் செல்லுமாறு பந்தை உருட்டுக. கதவின் பின்னே மறைந்து மீண்டும் தோன்றுமாறு செய்க. இறுதியில் பந்தைப் பூனை பிடித்துக்கொள்ள விடுதல் வேண்டும். பிடிக்கவே இயலாத வேட்டை எவ்வுயிர்க்கும் சலிப்பைத் தரும். விடியலும் அந்தியும் பூனை ஊக்கம் மிக்கிருக்கும் வேளைகள்.

இவ்விளையாட்டால் விளையும் நன்மை வீட்டோடு நிற்பதன்று. இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் முந்நூற்றுக்கு மேற்பட்ட வீட்டுப் பூனைகளை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் வரை உரியவரோடு விளையாடிய பூனைகள், வேட்டையாடி வீட்டிற்குக் கொணர்ந்த உயிர்களின் எண்ணிக்கை 25 விழுக்காடு குறைந்தது என்பது அவர்கள் கண்ட உண்மை. சிறிது நேர விளையாட்டு, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் பலவற்றைக் காக்கின்றது.

சிறுமியின் கதையும் இங்கே முடிவுறுகிறது. அவள் நீலநூல் வாங்கி, எண்ணி எண்ணி 300 கண்ணிகள் பின்னினாள். அந்தி வேளையில் பந்தைச் சுவரோரமாக உருட்டினாள். குட்டி முதலில் அசையவில்லை. காதுகள் மட்டும் முன்னே திரும்பின. பின்னர் உடலைத் தரையோடு தாழ்த்தி, பின்புறத்தை இருமுறை அசைத்து, ஒரே பாய்ச்சலில் பந்தைத் தழுவிக்கொண்டு, மல்லாந்து கிடந்து பின்னங்கால்களால் உதைத்தது. வியக்கத்தக்க வேலைப்பாடு ஒன்றும் அப்பந்தில் இல்லை. கண்ணில்லை, காதில்லை, வாலில்லை. காண்போர் எவரும் அதைப் புகழவில்லை. பெற்றுக்கொண்ட உயிர்க்கோ அதில் குறை ஒன்றும் இல்லை.

சிறுமி மகிழ்ந்து பாட்டியை நோக்கினாள். பாட்டியோ, “விளையாட்டு முடிந்ததும் பந்தை எடுத்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்து வை, அம்மா” என்றார்.

அன்பு உள்ளத்தில் தோன்றுவது எளிது. அது கைவழியாகப் பொருளாக வெளிப்படும்போது அதற்கு அறிவின் துணை வேண்டும். பெறுவோரின் இயல்பை அறிந்து செய்யும் சிறு பொருளும் பெரும் பயன் தரும். அறியாது செய்யும் பெரும் பொருளும் துன்பமாகும். கொக்கி ஊசி கற்பிக்கும் பாடம் இது.